36 பவுண்டு டீஃபால்ட்: அவசரப்பட்டு கட்டிடாதீங்க

யுகேல இருக்கற நம்ம ஆளுங்க யார்கிட்டயாவது போய் "என் கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு போன் பில் டீஃபால்ட் கிடக்கு"ன்னு (டீஃபால்ட்னா பாக்கிய கட்டாம விட்டுட்டான்னு கம்பெனி போடற குறி) சொல்லிப் பாருங்க, உடனே வர்ற பதில் "எவ்ளோ? முப்பது சொச்சமா? கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாருப்பா". எனக்கும் வாட்சப் குரூப்ல அதேதான் சொன்னாங்க, சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்ல, ஆனா சொன்னது தப்பு. கட்டினா டீஃபால்ட் போகாது. பக்கத்துல "சாட்டிஸ்ஃபைட்", அதாவது கட்டியாச்சுன்னு ஒரு வார்த்தை சேரும், பாக்கி சைபர்னு காட்டும், அவ்ளோதான். டீஃபால்ட் ஆன தேதியில இருந்து 6 வருஷம் அது அங்கயேதான் உக்காந்திருக்கும், நீங்க கட்டினாலும் சரி கட்டாட்டியும் சரி.

இந்தக் குழப்பம் சிசிஜேல (கவுண்டி கோர்ட் ஜட்ஜ்மெண்ட், கடன் கட்டலன்னு கோர்ட் போடற தீர்ப்பு) இருந்து வருதுன்னு நினைக்கறேன். கோர்ட் போட்ட சிசிஜேவ ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டிட்டா ரெஜிஸ்டர்ல இருந்தே எடுத்துருவாங்க, அது உண்மை. டீஃபால்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ரெண்டும் வேற வேற ஐட்டம், ஆனா நம்ம ஊர்க்காரங்க வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் வருது.

என் கதைக்கு வரேன். 2024ல வீடு வாங்கலாம்னு மார்ட்கேஜ் ப்ரோக்கர் ஒருத்தர்கிட்ட போனேன், நம்ம ஊர் அண்ணாதான், திருச்சிப் பக்கம். மூணு கிரெடிட் ஏஜென்சி ரிப்போர்ட்டும் எடுத்து அனுப்புன்னாரு, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூணும். அனுப்பின அன்னைக்கே சாயங்காலம் போன். "என்ன தம்பி, டீஃபால்ட் ஒண்ணு இருக்கே, சொல்லவே இல்லையே?" எனக்கு ஒண்ணும் புரியல. திறந்து பாத்தா நான் வாழ்க்கைல கேள்விப்படாத ஒரு கம்பெனி பேரு, கம்யூனிகேஷன்ஸ் அக்கவுண்ட்னு போட்டிருக்கு, பாக்கி 36 பவுண்டு, டீஃபால்ட் தேதி பிப்ரவரி 2023. அதாவது பிப்ரவரி 2029 வரைக்கும் இருக்கும். யாருடா இந்த கம்பெனின்னு தேடினா வசூல் கம்பெனி, பழைய கடனையெல்லாம் மொத்தமா வாங்கி வசூல் பண்றவங்க. கடன் கைமாறினா ரிப்போர்ட்ல வாங்கினவன் பேருதான் வரும், ஒரிஜினலா எந்த போன் கம்பெனின்னு பெரும்பாலும் அதுல தேடினாலும் கிடைக்காது. அதனால ரிப்போர்ட்ல தெரியாத பேரப் பாத்தவுடனே ஃப்ராடுன்னு குதிச்சிடாதீங்க, ஃப்ராடாவும் இருக்கலாம், ஆனா முதல்ல அந்த கம்பெனிக்கு எழுதி "இது யார்கிட்ட இருந்து வாங்கின கடன், ஒரிஜினல் அக்கவுண்ட் நம்பர் என்ன"ன்னு கேளுங்க. போன் பண்ணாதீங்க, எழுதுங்க. போன்ல பேசினா முதல் கேள்வியே "கார்டுல கட்றீங்களா, டைரக்ட் டெபிட்டா"ன்னுதான் வரும்.

பதில் வந்தப்பதான் தெரிஞ்சது, நான் ஈஸ்ட் ஹாம்ல ரூம் ஷேர்ல இருந்தப்ப வச்சிருந்த சிம் ஒன்லி கான்ட்ராக்ட். (கம்பெனி பேரு எழுதப் போறதில்ல, பெரிய கம்பெனிதான், அவ்ளோ போதும்.) 2022 மார்ச்ல ஃபேமிலி வந்ததும் ஸ்லவ்வுக்கு மாறினோம், பேங்க், ஜிபி (நம்ம ஏரியா டாக்டர்), கவுன்சில், போன் கம்பெனி எல்லாருக்கும் முகவரி மாத்தச் சொல்லியாச்சு. ஆகஸ்ட்ல வேற கம்பெனிக்குப் போயிட்டேன். அது ரொம்ப சிம்பிள், பேக் (PAC)னு டைப் பண்ணி 65075க்கு டெக்ஸ்ட் பண்ணா ஒரு நிமிஷத்துல கோடு வந்துரும், புது கம்பெனிகிட்ட குடுத்தா அடுத்த வொர்க்கிங் டே நம்பர் மாறிடும், பழைய கான்ட்ராக்ட் தானா முடிஞ்சிடும். நம்பர் வேணாம், வெறும சர்வீஸ நிறுத்தணும்னா 75075க்கு ஸ்டேக் (STAC)னு டெக்ஸ்ட் பண்ணணும். செப்டம்பர்ல "இதுதான் உங்க கடைசி பில்"னு மெயில் வந்துச்சு, டைரக்ட் டெபிட்ல காசும் எடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் டைரக்ட் டெபிட்ட நிறுத்தினேன். கடைசி பில் கட்டியாச்சு, வேற என்ன இருக்கு?

இருந்துச்சு. அக்டோபர்ல இன்னொரு பில் போட்டிருக்காங்க, 30 நாள் நோட்டீஸ் பீரியடுக்கு சார்ஜ்னு. அது கட்டலன்னு லேட் ஃபீஸ் வேற. இங்கதான் எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு, ஏன்னா 2019 ஜூலை 1ல இருந்து ஆஃப்காம் (டெலிகாம் கம்பெனிகள கட்டுப்படுத்தற அமைப்பு) ரூலே இருக்கு, இப்படி மாறிப் போற கஸ்டமர்கிட்ட மாறின தேதிக்கு அப்புறம் நோட்டீஸ் பீரியடுன்னு காசு வாங்கக் கூடாதுன்னு. (கான்ட்ராக்ட்டோட மினிமம் டேர்ம் முடியறதுக்கு முன்னாடி போனா அந்த எர்லி எக்ஸிட் சார்ஜ் வேற விஷயம், அது கட்டித்தான் ஆகணும். எனக்கு டேர்ம் முடிஞ்சு மாசா மாசம் ஓடிக்கிட்டிருந்துச்சு.) ஆக, போடவே கூடாத பில்லு, அதுக்கு வட்டி குட்டி போட்ட மாதிரி லேட் ஃபீஸ், அதுக்கு ஒரு டீஃபால்ட், அத வச்சு எனக்கு மார்ட்கேஜ் ரேட் ஏறுது.

36 பவுண்டுக்கு போய் பேங்க் யோசிக்குமான்னு கேட்டேன் ப்ரோக்கர்கிட்ட. சில லெண்டர்ஸ் சின்ன டெலிகாம் டீஃபால்ட்ட கண்டுக்க மாட்டாங்களாம், சிலர் எவ்ளோ சின்னதா இருந்தாலும் டீஃபால்ட்னாலே கம்ப்யூட்டர் கதவ சாத்திடுமாம், நம்ம டெபாசிட் குறைவா இருந்தா ரெண்டாவது ரகம்தான் ஜாஸ்தி. எல்லாருக்கும் பொதுவா ஒரு ஸ்கோருன்னு இந்த நாட்டுல கிடையவே கிடையாது, ஆப்ல பச்சைக் கலர்ல காட்ற நம்பர் நமக்கு வேடிக்கை காட்டத்தான், பேங்க் அவன் கணக்க அவனே போட்டுக்குவான். எனக்கு கிளியர்ஸ்கோர் ஆப்ல எல்லாம் ஓகேன்னு காட்டிச்சு, ஏன்னா அது ஈக்விஃபேக்ஸ் டேட்டா மட்டும்தான் எடுக்கும், என் டீஃபால்ட் மத்த ரெண்டுலதான் இருந்துச்சு. ஒரு ஆப்ப மட்டும் நம்பி உக்காந்திருக்கறவங்க இத கவனிங்க. மூணு ஏஜென்சிகிட்டயும் ஸ்டாட்யூட்டரி ரிப்போர்ட் (சட்டப்படி அவங்க குடுத்தே ஆகவேண்டியது) 2018ல இருந்து ஃப்ரீ, அதுக்கு முன்னாடி 2 பவுண்டு வாங்கிட்டிருந்தாங்க. மாசா மாசம் காசு கட்ற சப்ஸ்கிரிப்ஷன அவங்க சைட்ல முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க, ஃப்ரீ லிங்க் கீழ எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், தேடுங்க.

எல்லாரும் செய்யற மாதிரி நானும் ஏஜென்சி வெப்சைட்ல போய் டிஸ்ப்யூட் பட்டன அமுக்கினேன். அவங்க 28 நாளுக்குள்ள பதில் சொல்லணும், சொன்னாங்க, "நாங்க கம்பெனிகிட்ட கேட்டோம், அவங்க டேட்டா சரின்னு சொல்றாங்க, அவங்க அனுமதி இல்லாம நாங்க மாத்த முடியாது". அதாவது திருடன்கிட்டயே போய் நீ திருடினியான்னு கேட்டு, இல்லன்னு சொன்னதும் கேஸ முடிச்சாச்சு. ஏஜென்சி மேல ரொம்ப கோவப்பட்டும் புண்ணியமில்ல, டேட்டாவ எழுதறது கம்பெனி, இவங்க வாங்கி வச்சுக்கறவங்க. டிஸ்ப்யூட் போட்டதுல ஒரே லாபம், விசாரணை நடக்கற வரைக்கும் அந்த என்ட்ரி பக்கத்துல சர்ச்சைல இருக்குன்னு ஒரு குறிப்பு வரும். சண்டைய கம்பெனிகூடத்தான் போடணும், அதுவும் காசப் பத்தி இல்ல, அந்த என்ட்ரியப் பத்தி.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா கம்பெனிக்காரன் எப்பவும் பேச்ச காசுப் பக்கமே இழுப்பான். நான் கம்ப்ளெயிண்ட் போட்டு கொஞ்ச நாள்ல போன் கம்பெனில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணாங்க, ரொம்ப தன்மையாப் பேசினாங்க, "உங்களுக்காக ஒரு குட்வில் ஜெஸ்சரா அந்த 36 பவுண்ட ரைட் ஆஃப் பண்ணிடறோம், நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்". கேக்க நல்லாத்தான் இருக்கு. டீஃபால்ட் என்னாகும்னு கேட்டேன். "அது செட்டில்டுன்னு அப்டேட் ஆயிடும்." அதாவது இருக்கும். காசு தள்ளுபடி, கறை அப்படியே. நான் வேணாம்னுட்டேன், எனக்கு உங்க 36 பவுண்டு வேணாம், வேணும்னா நானே தரேன், என்ட்ரிய டிலீட் பண்ணுங்கன்னேன். அதுக்கு அவங்ககிட்ட ஸ்கிரிப்ட் இல்ல, "அது வேற டீம்"னு சொல்லி வச்சிட்டாங்க.

இதுல நான் செஞ்ச உருப்படியான காரியம் சப்ஜெக்ட் ஆக்சஸ் ரெக்வெஸ்ட் போட்டதுதான். நம்மளப் பத்தி கம்பெனிகிட்ட என்னென்ன டேட்டா இருக்கோ அத்தனையும் குடுன்னு கேக்கற உரிமை, ஃப்ரீ, ஒரு மாசத்துக்குள்ள குடுக்கணும், ரொம்ப சிக்கலான கேஸுன்னா இன்னும் ரெண்டு மாசம் இழுக்கலாம். போன் கம்பெனிக்கு ஒண்ணு, வசூல் கம்பெனிக்கு ஒண்ணு போட்டேன். "அக்கவுண்ட் நோட்ஸ், சேட் லாக், கால் ரெக்கார்டிங், அனுப்பின எல்லா லெட்டரோட காப்பி, எந்த முகவரிக்கு அனுப்பினீங்கங்கற விவரம், கிரெடிட் ஏஜென்சிக்கு அனுப்பின டேட்டா"ன்னு பிரிச்சுப் பிரிச்சு கேட்டேன், பொதுவா கேட்டா நாலு பக்க பில்லு காப்பிய அனுப்பி முடிச்சுருவாங்க.

வந்த பிடிஎஃப் தடியா இருந்துச்சு, பாதிப் பக்கம் கறுப்புப் பட்டை அடிச்சது, மீதி புரியாத கோடு. ராத்திரி புள்ள தூங்கினப்புறம் உக்காந்து ஒவ்வொரு பக்கமா ஓட்டினேன். நடுவுல ஒரு ஸ்க்ரீன்ஷாட். என் கஸ்டமர் ப்ரொஃபைல் பக்கம். அதுல முகவரிக்கு ரெண்டு பெட்டி. மேல அக்கவுண்ட் முகவரி, ஸ்லவ் வீடு, போஸ்ட்கோடு வரைக்கும் சரியா இருக்கு. கீழ பில்லிங் முகவரி, ஈஸ்ட் ஹாம் வீடு. மார்ச் 2022 தேதி போட்ட சேட் லாக்ல நான் "எல்லாத்துக்கும் புது முகவரி"ன்னு கேட்டதும், அந்தப் பக்கம் இருந்தவர் "டன், எவ்ரிதிங் அப்டேட்டட்"னு பதில் போட்டதும் அப்படியே இருக்கு. அவர் மேல் பெட்டிய மட்டும் மாத்தியிருக்காரு. அக்டோபர் பில், ரிமைண்டர், டீஃபால்ட் பண்ணப் போறோம்ங்கற நோட்டீஸ் எல்லாம் கீழ் பெட்டிக்குப் போயிருக்கு, ஈஸ்ட் ஹாம்ல அந்த ரூம்ல அப்ப யாரு இருந்தாங்கன்னு கூட எனக்குத் தெரியாது. அந்த வீட்டுல இன்னும் இருந்த மச்சான் ஒருத்தன்கிட்ட கேட்டா "பழைய ஆளுங்க லெட்டரெல்லாம் மாடிப்படி கீழ ஒரு அட்டைப்பெட்டில போடுவோம்டா, அது நிறைஞ்சா ரீசைக்கிளிங்"ங்கறான்.

இதோட அடுத்த பக்கத்துல இன்னொரு வரி. நம்பர் போர்ட் அவுட் ஆன (வேற கம்பெனிக்கு மாறின) தேதி ஆகஸ்ட்லன்னு அவங்க சிஸ்டமே சொல்லுது, நோட்டீஸ் சார்ஜ் தானா போட்டதும் அதே சிஸ்டம்தான், கீழ "மேனுவல் ரிவ்யூ: இல்லை"ன்னு இருக்கு.

ஏன் இத்தன தூரம் முகவரியப் பத்திப் பேசறேன்னா, வெறும "எனக்கு லெட்டர் வரல"ங்கறது வாதமே இல்ல. கம்பெனிக்குத் தெரிஞ்ச கடைசி முகவரிக்கு அனுப்பியிருந்தா அவங்க கடமை முடிஞ்சது, நமக்கு வந்து சேந்துச்சா இல்லையாங்கறது நம்ம பிரச்சனைன்னு சொல்லிருவாங்க. நிறைய பேரு இங்கதான் தோக்கறாங்க. "புது முகவரி உங்க கையில இருந்துச்சு, இந்தத் தேதில குடுத்தேன், உங்க ஆளு ஒத்துக்கிட்டாரு, அப்படி இருந்தும் பழசுக்கு அனுப்பினீங்க"ன்னு சொல்ல முடிஞ்சாத்தான் அது நிக்கும்.

இன்னொரு ஆயுதம் 2014ல வந்த ஒரு டாக்குமெண்ட், கிரெடிட் இண்டஸ்ட்ரியும் டேட்டா பாதுகாப்ப கண்காணிக்கற ஐசிஓவும் சேந்து உருவாக்கினது, பாக்கி, தவணை ஏற்பாடு, டீஃபால்ட் எல்லாத்தையும் எப்படி ரிப்போர்ட் பண்ணணும்னு சொல்றது. போடற டேட்டா நியாயமா, சரியா, முழுசா, அப் டு டேட்டா இருக்கணும், பொதுவா 3 மாச பாக்கி ஆனப்புறம்தான் டீஃபால்ட் போடலாம், 6 மாசத்துக்குள்ள போட்டுறணும், போடறதுக்கு குறைஞ்சது 28 நாள் முன்னாடி சொல்லணும். இந்த 6 மாசம்ங்கறதும் முக்கியம், சில வசூல் கம்பெனிங்க கடன வாங்கின தேதியையே டீஃபால்ட் தேதியா போட்டுறாங்க, அப்ப நம்ம 6 வருஷம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ தள்ளிப் போயிடும். உண்மையாவே நீங்க கட்டாம விட்ட கடன்னா கூட, டீஃபால்ட் தேதிய உண்மையான பழைய தேதிக்கு நகத்தச் சொல்லி கேக்கலாம். டிலீட் கிடைக்காத கேஸ்ல இதுவே பெரிய லாபம். கடன் கைமாறினாலும் தேதி மாறக் கூடாது.

ஆக என் கம்ப்ளெயிண்ட் லெட்டர் ஒரு பக்கம்தான். பில்லே செல்லாது, ஏன்னா ஸ்விட்ச் பண்ணப்புறம் நோட்டீஸ் சார்ஜ் போடக் கூடாது. பில் செல்லாதுன்னா பாக்கி இல்ல, பாக்கி இல்லன்னா டீஃபால்ட் தப்பான டேட்டா. பில் செல்லும்னே வச்சுக்கிட்டாலும் முன்னறிவிப்பு தெரிஞ்சே தப்பான முகவரிக்குப் போயிருக்கு, உங்க சேட் லாக்கே சாட்சி, பக்க எண் இது. டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டப்படி தப்பான டேட்டாவ திருத்தச் சொல்ற உரிமை எனக்கு இருக்கு, மூணு ஏஜென்சில இருந்தும் முழுசா டிலீட் பண்ணணும், செட்டில்டு வேணாம். அவ்ளோதான். என் மனைவி படிச்சுப் பாத்துட்டு "கோவமே இல்லையே இதுல"ன்னா. முதல் ட்ராஃப்ட்ல இருந்துச்சு, அத அவகிட்ட காட்டல.

போன் கம்பெனி சொன்னது "கடன நாங்க வித்துட்டோம், அவங்ககிட்ட பேசுங்க". வசூல் கம்பெனி சொன்னது "எங்களுக்கு வந்த டேட்டா அதுதான், ஒரிஜினல் கம்பெனிகிட்ட பேசுங்க". இந்தப் பந்து விளையாட்டு எல்லாருக்கும் நடக்கும், மனசு விடாதீங்க. கடன வித்தாலும் அந்த பில்ல போட்டவன் பதில் சொல்லித்தான் ஆகணும், கடன திருப்பி வாங்கி மூடறதுக்கு அவங்களுக்குள்ள வழி இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மெயில்ல சிசி போட்டு அனுப்ப ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் அவங்க ஒருத்தர ஒருத்தர் கை காட்றது குறைஞ்சிடுச்சு.

டெலிகாம் கம்ப்ளெயிண்ட்டுக்கு நான் பண்ணப்ப கம்பெனிக்கு எட்டு வாரம் டைம், அதுக்குள்ள முடியலன்னா இல்ல அவங்களே "இதுக்கு மேல பேச்சில்ல"ன்னு டெட்லாக் லெட்டர் குடுத்தா வெளிய போகலாம். நமக்கும் கம்பெனிக்கும் நடுவுல நின்னு தீர்ப்பு சொல்ற ரெண்டு ஸ்கீம் இருக்கு, கம்யூனிகேஷன்ஸ் ஆம்பட்ஸ்மன் ஒண்ணு, சிசாஸ் இன்னொண்ணு, உங்க கம்பெனி எதுல மெம்பர்னு ஆஃப்காம் சைட்லயே பாக்கலாம். ஆஃப்காம் தனி ஆளோட கேஸ எடுக்க மாட்டாங்க, அங்க எழுதி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. நமக்கு ஃப்ரீ, கம்பெனிக்குத்தான் கேஸுக்கு ஃபீஸ், தீர்ப்ப நாம ஏத்துக்கிட்டா கம்பெனி கட்டுப்பட்டே ஆகணும், நமக்குப் பிடிக்கலன்னா நாம விட்டுட்டு கோர்ட்டுக்குப் போகலாம். கேஸ் ஃபைல் பண்ணி ஆம்பட்ஸ்மன்கிட்ட இருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் போனதுதான் தாமதம், இத்தன நாள் "வேற டீம்"னு சொன்னாங்களே, அந்த வேற டீமே போன் பண்ணுது. பில் ரத்து, கடன திருப்பி வாங்கிக்கறோம், என்ட்ரி டிலீட், சிரமத்துக்கு கொஞ்சம் காசு. எல்லாம் சரி, எழுத்துல குடுங்கன்னேன், "டிலீட்"ங்கற வார்த்தை வேணும்னேன். "அமெண்ட்"னு போட்டு அனுப்பினாங்க. திருப்பி அனுப்பினேன். மாத்திக் குடுத்தாங்க.

அதுக்கப்புறமும் உடனே போகல. கம்பெனிங்க ஏஜென்சிக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான் டேட்டா அனுப்புவாங்க, அதனால ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும். ஒண்ணுல சீக்கிரம் போச்சு, இன்னொண்ணுல அப்படியே நின்னுச்சு, அந்த லெட்டர வச்சு இப்ப டிஸ்ப்யூட் பட்டன அமுக்கினேன், இந்தத் தடவை போயிடுச்சு. அந்த பட்டனுக்கு வேலை அப்பதான்.

இதுல எங்கயாவது "நாங்க உங்க டீஃபால்ட்ட எடுத்துத் தரோம், 300 பவுண்டு"ன்னு விளம்பரம் பாத்தீங்கன்னா ஓடிருங்க. அவங்க எழுதறதும் இதே லெட்டர்தான், நீங்களே எழுதலாம். ஃப்ரீயா உதவி வேணும்னா சிட்டிசன்ஸ் அட்வைஸ், நேஷனல் டெப்ட்லைன், ஸ்டெப்சேஞ்ச் இருக்காங்க. "நோட்டீஸ் ஆஃப் கரெக்‌ஷன்"னு 200 வார்த்தைக்குள்ள நம்ம பக்கத்து கதைய ரிப்போர்ட்லயே சேக்கலாம்னு ஒரு வசதி இருக்கு, நான் போடல, அது இருந்தா ஆட்டோமேட்டிக்கா முடிவெடுக்காம ஒரு மனுஷன் உக்காந்து படிக்கணும், அப்ளிகேஷன் லேட் ஆகும். ஐசிஓகிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ணலாம், ஆனா அவங்க நஷ்டஈடு வாங்கித் தர மாட்டாங்க, அதுக்கு கோர்ட்டுதான்.

கோர்ட்டுன்னதும் டர்கின் கேஸ் ஞாபகம் வருது, இந்த விஷயத்துல இறங்கினவங்க எல்லாரும் ஒரு நாள் அதப் படிச்சிருவாங்க. ரிச்சர்ட் டர்கின்னு ஒருத்தர், 1998 டிசம்பர்ல அபர்டீன்ல பிசி வேர்ல்டுல ஒரு லேப்டாப் வாங்கறாரு, 50 பவுண்டு டெபாசிட், மீதி 1,449 பவுண்டு ஹெச்எஃப்சி பேங்க் கிரெடிட்ல. உள்ள மோடம் இருக்குன்னு நம்பி எடுத்தது, வீட்டுக்கு வந்து பாத்தா இல்ல, மறுநாளே கொண்டு போய் திருப்பிக் குடுத்துட்டாரு. கடைக்காரன் ஒத்துக்கல, பேங்க் கடன் கட்டலன்னு டீஃபால்ட் போட்டுருச்சு. மனுஷன் விடல. கீழ் கோர்ட்ல ஜெயிச்சு, மேல தோத்து, கடைசில 2014 மார்ச்ல யுகே சுப்ரீம் கோர்ட் அவரு கான்ட்ராக்ட்ட ரத்து பண்ணது செல்லும்னும், அத சரியா விசாரிக்காம டீஃபால்ட் போட்டது பேங்க் தப்புன்னும் சொல்லி, கிரெடிட் பேரு கெட்டதுக்கு 8,000 பவுண்டு குடுக்கச் சொல்லுச்சு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல. எண்ணாயிரத்துக்கு இவ்ளோ வருஷமான்னு தோணும், ஆனா "கஸ்டமர் கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு சொல்றப்ப விசாரிக்காம டீஃபால்ட் போடாதே"ன்னு அந்தத் தீர்ப்புல இருக்கறதாலதான் இன்னைக்கு என் மாதிரி ஆளுங்க ஒரு பக்க லெட்டர்லயே முடிச்சுக்கறோம்னு நான் நினைக்கறேன்.

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற ஒரு தலைவலி, பேரு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும், இல்ல அப்பா பேரு சர்நேமா இருக்கும், போன் கடைல ஒரு மாதிரி எழுதுவான், பேங்க்ல ஒரு மாதிரி, இனிஷியல விரிச்சு ஒருத்தன் முன்னாடி போடுவான் ஒருத்தன் பின்னாடி போடுவான். என் போன் அக்கவுண்ட்ல எங்கப்பா பேருதான் முதல் பேரு. அதனால ஒரே ஆளுக்கு ரிப்போர்ட்ல ரெண்டு மூணு பேரு ஓடும், சில சமயம் வேற யாரோ ஒருத்தரோட அக்கவுண்ட் நம்ம தலைல விழும். டிஸ்ப்யூட் போடறப்ப எல்லா வடிவத்துலயும் பேர எழுதி, பழைய முகவரி எல்லாத்தையும் எழுதுங்க. ரூம் ஷேர்ல இருந்தவன் டீஃபால்ட் பண்ணதால என் ஸ்கோர் போச்சுன்னு பயப்படறவங்களுக்கு, ஒரே வீட்டுல இருந்ததால மட்டும் ஒண்ணும் ஆகாது, ஜாயிண்ட் அக்கவுண்ட், ஜாயிண்ட் லோன்னு காசு சம்பந்தம் இருந்தாத்தான் ரெண்டு பேரும் கோக்கப்படுவாங்க. அப்புறம் எலக்டோரல் ரோல். இந்தியா, இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க இங்க விசால இருந்தாலே காமன்வெல்த் குடிமக்கள்ங்கற முறைல ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்கலாம், பாதிப் பேருக்கு இது தெரியறதில்ல, முகவரிய உறுதிப்படுத்த பேங்க்குங்க அதத்தான் முதல்ல பாக்கும்.

உண்மையாவே நீங்க குடுக்க வேண்டிய பாக்கின்னா கட்டிருங்க, நான் கட்டாதீங்கன்னு சொல்ல வரல, சாட்டிஸ்ஃபைடுன்னு இருக்கறது அன்சாட்டிஸ்ஃபைடுன்னு இருக்கறதுக்கு எவ்வளவோ மேல். தப்பான பில்லுன்னு சந்தேகம் இருந்தா மட்டும் முதல்ல சப்ஜெக்ட் ஆக்சஸ் ரெக்வெஸ்ட், அப்புறம் கம்ப்ளெயிண்ட், அப்புறம்தான் பர்ஸ்.

ஹேண்ட்செட்டும் சேத்து எடுத்தவங்க ஒண்ணு கவனிங்க, சில கம்பெனிங்க போனுக்கு தனியா லோன், சிம்முக்கு தனியா கான்ட்ராக்ட்னு ரெண்டாப் பிரிச்சு வச்சிருப்பாங்க, ரிப்போர்ட்லயும் ரெண்டு என்ட்ரி வரும். சிம் பக்கத்துக்கு நான் மேல சொன்ன வழி. லோன் பக்கம் கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்துக்குள்ள வரும், கான்ட்ராக்ட்ட முறிக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது 14 நாள் டைம் குடுத்து முறையா டீஃபால்ட் நோட்டீஸ் அனுப்பணும், சண்டை ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன்கிட்ட போகும். மில்டன் கீன்ஸ்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு இப்ப அந்த கேஸ்தான் ஓடுது, நோட்டீஸோட காப்பியவே கம்பெனியால காட்ட முடியலயாம். முடிவு வந்ததும் அவன் சம்மதிச்சா அதையும் எழுதறேன்.